காசு கொடுத்துக் கற்ற மரியாதை

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசிக்கும் எனக்கும் மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அவர் கைத்தொலைபேசியை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். நான் சுவரில் பல்லி இருக்கிறதா என்று ஆராய்கிறேன். இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர். 2015 வெள்ளத்தின்போது முழங்கால் தண்ணீரில் நடந்து போய் எங்கள் எல்லோருக்கும் பால் வாங்கிக் கொண்டு வந்தவர். குற்றம் என்னுடையதுதான். ஒரு மகஜரில் நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்தக் கையெழுத்தை நானே அடித்துவிட்டேன். போடாமலே இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார். போட்டு அடித்தவனை யார் மன்னிப்பார்கள்?

மகஜரில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். வால்மீகியின் பெயரால் ஒரு சின்னக் கோயிலும் ஒரு பெரிய நகரும் இருக்கின்றன. கலாக்ஷேத்திரம் இருக்கிறது. வெளியூர் உறவினர்கள் வந்தால் இவற்றையெல்லாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அடையாறு முகத்துவாரத்திலிருந்து தெற்கே நடந்து வந்தால் ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம், திருவான்மியூர்க் குப்பம், கொட்டிவாக்கம் குப்பம் என்று கடலோரமாக வரிசையாக வருகின்றன. எங்கள் அடுக்குமாடி வீடுகள் முளைப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் முளைத்தவை அவை. நாங்கள் கடலைப் பார்க்கிறோம். அவர்கள் கடலுக்குப் போகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மகஜர் இதுதான்: குப்பத்து மணலில் கருவாடு காய வைப்பதால் துர்நாற்றம் வீசுகிறது. மாலை வேளையில் தெருவோரம் மீன் விற்பதால் கார்கள் போக முடியவில்லை. படகுகளும் வலைகளும் கிடப்பதால் நடைப்பயிற்சிக்கு இடைஞ்சல். ஆகவே அதிகாரிகள் தயவு செய்து கடற்கரையைப் பொதுமக்களுக்கு மீட்டுத் தர வேண்டும். நல்ல தமிழில், நாகரிகமாக எழுதியிருந்தார்கள். கூச்சத்தோடு சொல்கிறேன், இரண்டு இடத்தில் சந்திப்பிழையைத் திருத்திக் கொடுத்தவன் நான்தான். திருத்திவிட்டுக் கையெழுத்தும் போட்டேன். 'பொதுமக்கள்' என்றால் யார், மீனவர்கள் அதில் சேர்த்தியா இல்லையா என்ற கேள்வி அப்போது என் மூளையில் உதிக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட பத்தாம் நாள் நியூஸிலாந்துக்குப் பிரயாணமானேன். என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் இருக்கிறார்கள். ஜூன் மாதம், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கே நல்ல குளிர்காலம். மாப்பிள்ளைக்கு ட்ரௌட் மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. "டாங்கரீரோ ஆத்துக்குப் போறோம், மாமா. ஒரு வழிகாட்டிய ஏற்பாடு பண்ணிட்டேன். நீங்களும் வாங்க" என்றார்.

"நான் சைவமாச்சே, மாப்பிள்ளை!" என்றேன்.

"அதனால என்ன? பிடிச்சு, உடனே விட்டுடலாம். பாவமே கிடையாது, மாமா."

பாவம் இல்லாமல் வேட்டையாடலாம் என்றால் எந்தச் சைவன்தான் மறுப்பான்? புறப்பட்டுவிட்டேன்.

டௌப்போ என்ற பெரிய ஏரியில் வந்து கலக்கும் ஆறு டாங்கரீரோ. குளிர்காலத்தில் ஏரியிலிருந்து வானவில் ட்ரௌட் என்னும் மீன்கள் முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து ஏறி வருகின்றன. அவற்றைப் பிடிக்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். 1926-ல் ஜேன் க்ரே என்ற அமெரிக்க நாவலாசிரியர் அந்த ஆற்றில் தூண்டில் போட்டுவிட்டுப் போய்ப் புத்தகம் எழுதினார். அதிலிருந்து ஆற்றுக்குக் கீர்த்தி. அவரும் என்னைப்போல் கதை எழுதிப் பிழைத்தவர்தான். ஆனால் என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாகப் பிழைத்தவர்.

இந்த மீன்பிடிப்பில் புழு கிடையாது. தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் நூலும் சுற்றி, பார்வைக்கு ஒரு பூச்சி மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு 'ஈ' என்று பெயர். அதை வீசுவதுதான் வித்தை. எங்கள் வழிகாட்டி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். நகைக்கடையில் மூக்குத்தி அடுக்கியிருப்பது போல் நூறு ஈக்கள் இருந்தன. ஒன்றின் பக்கத்தில் அரக்கு வைத்தாற் போல் பளபளவென்று ஒரு சின்ன இறகு. "இது உங்கள் நாட்டுக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. என் தாத்தா காலத்துச் சரக்கு, இப்போது கிடைக்காது" என்றார். நம் மேற்கு மலைத் தொடரில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிதான். தூண்டில்காரர்கள் அந்த இறகுக்காக ஒரு காலத்தில் உயிரை விட்டார்கள். அதாவது, கோழியின் உயிரை.

வழிகாட்டி ஒரு மாவோரி. அந்த ஏரிக்கரையிலேயே பரம்பரையாக வாழ்கிற தூஃபரெடோவா குலத்தவர். ஐம்பது வயது இருக்கும். இடுப்புவரை ரப்பர் கால்சட்டை மாட்டி என்னைத் தண்ணீரில் இறக்கினார். "எங்கே மீன்? எங்கே மீன்?" என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"மீனைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்" என்றார் அவர்.

பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது. அவர் காட்டக் காட்டத்தான் புரிந்தது. வேகமாக ஓடும் நீரும் மெதுவாக ஓடும் நீரும் ஓரிடத்தில் உரசுகின்றன. அங்கே ஒரு கோடு விழுகிறது. மீன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மெதுவான நீரில், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக் கொண்டு சும்மா நிற்கும். வேக நீர் தீனியைக் கொண்டுவந்து வாய்க்கு நேரே கொடுக்கும். பாறைக்கு முன்னால் ஒரு மெத்தை போல் நீர் தேங்குகிறது, அங்கேயும் நிற்கும். ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியில் ஒட்டியிருந்த புழுக்களைக் காட்டி, இன்றைக்கு மீன் எதைத் தின்னும், ஆகவே எந்த ஈயைக் கட்ட வேண்டும் என்று சொன்னார். ஒவ்வொரு மடுவுக்கும் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இருந்தது.

ஆறு மணி நேரம் நின்றேன். எனக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோவில் ஒன்று கிடைத்தது. வழிகாட்டி முதலில் தம் கையை நனைத்துக் கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் உள்ள வழவழப்பு போய் நோய் பிடிக்குமாம். முள்ளை எடுத்து, புகைப்படம் எடுக்கச் சொல்லி, மீனின் தலையை ஓட்டத்துக்கு நேராகப் பிடித்து, அது மூச்சு வாங்கித் தெம்பு வந்ததும் விட்டார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக் கொண்டு, "நீங்கள் இந்த ஆற்றுக்குப் பண்டிதர், வேதம் படித்தவர் எப்படியோ அப்படி" என்றேன். இதற்கு அன்றைய கூலி நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். மாப்பிள்ளை கொடுத்தார். கொடுத்தது குறைவு என்றே எனக்குத் தோன்றியது.

அப்போது அந்த மனிதர் மிகவும் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் கடற்கரையில் வசிக்கிறீர்களாமே! உங்கள் பக்கத்து மீனவர்கள் கடலை எப்படிப் படிக்கிறார்கள்? காற்றைப் பார்த்தா, நிறத்தைப் பார்த்தா?"

நான் விழித்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். ஒரு காற்றின் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்றம் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் மகஜர் எழுதிவிட்டு வந்திருந்தேன்.

நேயர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நாம் அறிவை மதிக்கிறவர்கள் அல்ல. தூரத்தை மதிக்கிறவர்கள். ஒருவன் தண்ணீரில் நின்று தண்ணீரைப் படித்தால், அவன் ஸ்காட்லாந்திலோ நியூஸிலாந்திலோ நிற்கும் பட்சத்தில், அவனுக்கு வழிகாட்டி என்று பெயர். கூலி கொடுத்துக் கும்பிடுகிறோம். அதே படிப்பைப் படித்தவன் நம் வீட்டுச் சுவருக்கு அடுத்தாற் போல் நின்றால், மூக்கைப் பொத்திக் கொள்கிறோம்.

'வழிகாட்டி என்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த தொழில். நம் மீனவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. வெள்ளைக்காரர் சென்னைக் கரையில் கால் வைத்ததே இவர்கள் தயவால்தான். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆள் உயர அலை. கவர்னரானாலும் சரி, அவர் மனைவியின் பியானோவானாலும் சரி, கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் நொறுங்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுவது என்று நம் படகுக்காரர் கண்ணாலே கணக்குப் போடுவார். படகு கவிழ்ந்தால் தூக்கி எடுக்கக் கட்டுமரக்காரர் பக்கத்திலேயே வருவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் எழும்பும் வரையில் இந்தப் பட்டணத்தின் உயிர் அவர்கள் கையில் இருந்தது. நம் கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக் கொண்டு போய், இன்றைக்குக் கோடீசுவரர்கள் உல்லாசப் பயணம் போகிற இரட்டைப் படகுக்கு வைத்திருக்கிறார்கள். சொல்லுக்குக் கிடைத்த வாழ்வு சொன்னவனுக்குக் கிடைக்கவில்லை.

ட்ரௌட் மீனின் கதையும் இதே மாதிரிதான். அது நியூஸிலாந்துக்கு உரிய மீன் அல்ல. 1867-ல் ஒரு வகையும் 1883-ல் இன்னொரு வகையும் வெளியிலிருந்து கொண்டு வந்து விடப்பட்டன. துரைமார்கள் எங்கே போனாலும் தங்கள் மீனையும் கூடவே கொண்டு போனார்கள். 1880-களில் இலங்கை நுவரேலியாவில் விட்டார்கள். 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து காச்மீரத்துக்கு முட்டைகள் வந்தன. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய ஃப்ராங்க் மிட்சல் என்பவர் அவற்றை வளர்த்தார். நம் நீலகிரியில் ஃப்ரான்சிஸ் டே 1860-களில் முயன்று தோற்றார். பிறகு வில்சன் என்பவர் வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. இவர்கள் பெயரெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. குளிர் நீரில் இடுப்பளவு நின்று கூடை சுமந்தவர், ஓடையில் எந்த மடு ஆழம் என்று காட்டியவர், அவர்கள் பெயரை நான் பார்த்த புத்தகம் எதிலும் காணவில்லை.

அந்த மாவோரி வழிகாட்டி மதிய உணவின்போது சொன்னார்: "இந்த ஏரியில் கோவாரோ என்று ஒரு சின்ன மீன் உண்டு. என் பாட்டியின் பாட்டி காலத்தில் அதுதான் எங்கள் சாப்பாடு. ட்ரௌட் வந்து அதைத் தின்று தீர்த்துவிட்டது. இப்போது நான் ட்ரௌட்டைக் காட்டிப் பிழைக்கிறேன்." சிரித்துக் கொண்டேதான் சொன்னார், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நியூஸிலாந்து ஆறுகளில் 'உபோகொரோரோ' என்று இன்னொரு மீன் இருந்தது. காடு அழிந்ததும் ட்ரௌட் பெருகியதும் அதற்கு எமனாயின என்கிறார்கள். 1951-ல் அதைக் காப்பாற்றச் சட்டம் செய்தார்கள். அதற்கு முன்பே அது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டிருந்தது! சட்டம் இருக்கிறது, மீன் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டு அரசாங்கம் குலத்தாரை அடியோடு மறந்துவிடவில்லை. 1926-ல் ஒரு சட்டத்தின் மூலம் டௌப்போ ஏரியின் படுகையை எடுத்துக் கொண்டபோது, அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும் மீன்பிடி உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கும் என்று ஒப்புக் கொண்டது. 1992-ல் படுகையின் உரிமையையும் திருப்பிக் கொடுத்தது. தாராளம் என்று சொல்ல மாட்டேன்; தாமதம் என்றே சொல்வேன். ஆனால், 'இந்தத் தண்ணீர் முதலில் உங்களுடையது' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நாம் என்ன எழுதிக் கொடுத்தோம்? மகஜர்.

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1985-ல் மெரீனாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். அந்தத் தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். அழகுக்காக! 2023 ஏப்ரலில் கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே உள்ள சாலையில் மீன் விற்பதால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. கடைகள் அகற்றப்பட்டன, மீனவர்கள் படகைச் சாலையில் குறுக்கே வைத்துப் போராடினார்கள். பிறகு 2024-ல் அங்கே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். குப்பத்துக்கு முன்னால் சாலை வரவில்லை. சாலை வந்த பிறகு குப்பம் 'ஆக்கிரமிப்பு' ஆயிற்று.

நாடு திரும்பிய மறுநாள் குப்பத்துக்கு நடந்தேன். வீட்டிலிருந்து முந்நூறு அடி. இருபத்திரண்டு வருஷம் பிடித்தது. படகு நிழலில் ஒரு பெரியவர் வலை பின்னிக் கொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.

"இன்னா சார், மீனு வேணுமா? அம்மா அந்தாண்ட விக்கிறாங்க" என்றார்.

"மீன் வேண்டாம், பெரியவரே. கடலை எப்படிப் பார்ப்பது என்று கேட்க வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சர்க்கார் கணக்கெடுப்பு என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வாடை, கொண்டல், கச்சான், தென்றல் என்று திசைக்கொரு காற்று. ஒவ்வொன்றும் வந்தால் எந்த வலை போடலாம், எந்த மீன் கரையை அண்டும் என்று ஒரு கணக்கு. மேலே அடிக்கிற காற்று வேறு, கீழே ஓடுகிற நீர் வேறு. நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வன்னி என்றும் பிரித்துச் சொன்னார். தண்ணீர் கலங்கினால் ஒரு மீன், தெளிந்தால் ஒரு மீன். நெத்திலிக்கு ஒரு கண் வலை, சங்கராவுக்கு ஒரு கண் வலை. ஒரு மணி நேரம் பேசினார். நான் குறிப்பேட்டில் எழுத எழுதத் தீரவில்லை.

"இவ்வளவும் எங்கே படித்தீர்கள்?" என்று அசடு போல் கேட்டேன்.

"படிக்கிறதாவது! அப்பா கூட்டினு போவாரு. தண்ணியப் பாரு, தண்ணியப் பாருன்னு மண்டையில தட்டுவாரு. மீனு தானா தெரியும், சார்."

பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கேட்ட அதே பாடம்! இங்கே காசு வாங்க மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியதும், "டீ வாங்கிக் குடு, சார், போதும்" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்த டீயைவிட நான் குடித்த டீ கசந்தது.

இனி, நமக்குள் இருக்கும் இன்னொரு பெருமையைப் பற்றி. 'பிடித்து விட்டுவிடுவது' என்ற விளையாட்டை இப்போது பெரிய ஜீவகாருண்யம் என்று பேசுகிறார்கள். நானும் பாவம் இல்லை என்று நம்பித்தான் போனேன். ஆனால் வாயில் முள் குத்தி, இழுத்துக் களைப்பேற்றி, படம் பிடித்துவிட்டு 'போய் வா, குழந்தாய்' என்று அனுப்புவதில் மீனுக்கு என்ன லாபம்? உயிர் பிழைக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அதன் உயிர் நம் பொழுதுபோக்குக்கு மறுபடியும் பயன்படட்டும் என்பதுதானே விஷயம்! நியூஸிலாந்தில் ட்ரௌட் மீனை விற்கவோ வாங்கவோ கூடாது. உணவு விடுதியில் கேட்டால் கிடைக்காது. நீங்களே பிடித்துக் கொண்டு போனால் சமைத்துத் தருவார்கள். விளையாடுகிறவனுக்கு மீன் உண்டு, விற்றுப் பிழைக்கிறவனுக்கு இல்லை. மீன் குறையாமல் இருக்க அது உதவுகிறது என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சட்டத்தைக் கேட்டபோது எங்கள் மகஜர் நினைவுக்கு வந்தது. அதன் உட்பொருளும் அதுதானே? கடற்கரை நடக்கிறவனுக்கு, உழைக்கிறவனுக்கு இல்லை.

பிடித்து விட்டவர் என்றால் நம்மிடம் ஒருவர் இருந்தார். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடியில் பரதவர் குலத்தில் பிறந்த அதிபத்த நாயனார். தினமும் வலையில் விழுகிற மீன்களில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலில் விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே கிடைத்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. பிறகு பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்றே ஒன்று வந்தது, அதையும் விட்டார். சேக்கிழார் அவரை அறுபத்து மூவரில் வைத்துப் பாடினார். விடுவது என்றால் அது விடுவது! வயிற்றை நிரப்பிக் கொண்டு, விமானச் சீட்டை மடியில் வைத்துக் கொண்டு விடுவது எந்தக் கணக்கில் சேரும்? மருந்தீசுவரர் கோயிலில் நாயன்மார் வரிசையைப் பக்தியோடு சுற்றி வருகிற நாம், அதிபத்தரின் குலத்தார் தெருவில் கூடையோடு உட்கார்ந்தால் போலீஸுக்குப் போன் செய்கிறோம்.

நாவல் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் அவர்களால் பிழைக்கிறவன். 1956-ல் தகழி 'செம்மீன்' எழுதினார். சுந்தர ராமசாமியின் தமிழில் அதைப் படித்துக் கறுத்தம்மாவுக்காகக் கண்ணீர் விட்டோம். 1964-ல் 'படகோட்டி' பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டை முணுமுணுத்தோம். ஜோ டி குருஸின் 'கொற்கை'க்கு 2013-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தபோது நம் தமிழுக்குக் கௌரவம் என்று மகிழ்ந்தோம். அட்டைக்கு உள்ளே இருக்கும் மீனவர் நமக்கு உறவு. அட்டைக்கு வெளியே வந்தால் சுகாதாரப் பிரச்னை. அப்படியானால் நாம் கதை படித்து என்ன கற்றோம்? எழுதுகிற நான்தான் என்ன கற்றேன்?

எதிர்த்தரப்பு வாதங்கள் எனக்குத் தெரியும். மூன்று மாதமாக என் காதில் விழுந்து கொண்டிருக்கின்றன. "நாற்றம் அடிப்பது பொய்யா?" இல்லை, அடிக்கிறது. எங்கள் கட்டடத்தின் கழிவுநீர் கலக்கும் கால்வாயும் அடிக்கிறது. அதற்கு யாரும் மகஜர் எழுதவில்லை. "போக்குவரத்து?" மீன் கூடை அடைக்கிற இடத்தைவிட, எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருகிற கார்கள் அடைக்கிற இடம் அதிகம். "அவர்களும் இப்போது எஞ்சின் படகு, சின்னக் கண் வலை என்று கடலைச் சூறையாடவில்லையா?" சூறையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது அதனால்தான். அந்தக் கண்டிப்பு வேண்டும். ஆனால் அதைச் சொல்கிற அருகதை, மீன் எப்போது முட்டையிடும் என்று தெரிந்தவனுக்கு உண்டு. வெறும் மூக்கு மட்டும் உள்ளவனுக்கு இல்லை.

"அவர்களுக்கு வேறு இடத்தில் நல்ல வீடு கட்டிக் கொடுத்தால் என்ன?" என்பது கடைசி வாதம், மிகவும் கருணையோடு சொல்லப்படுவது. அதைத்தான் நான் அதிகமாக அஞ்சுகிறேன். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி அவர்கள் வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகும் கரையை விடவில்லை. பிடிவாதத்தினால் அல்ல. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்று காற்றை முகத்தில் வாங்கித்தான் அன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். பத்து மைலுக்கு அப்பால் ஏழாவது மாடியில் அந்தக் காற்று வராது. டாங்கரீரோ வழிகாட்டியை ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து எங்கேயோ குடிவைத்தால் அவர் என்னத்தை வழிகாட்டுவார்? இவர்களை அகற்றினால் போவது சில குடிசைகள் அல்ல. தகப்பன் மகனுக்கு மண்டையில் தட்டிச் சொல்லிக் கொடுத்த ஒரு பெரிய சாஸ்திரம் போகும். அதற்கு ஏடு கிடையாது. போனால் போனதுதான், உபோகொரோரோவைப் போல, பிற்பாடு சட்டம் மட்டும் இருக்கும்.

இவ்வளவையும் யோசித்த பிறகு காரியதரிசியின் வீட்டுக்குப் போனேன். "மகஜரைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றேன். காட்டினார். பேனாவை எடுத்து என் கையெழுத்தை அடித்தேன். அவர் திகைத்துப் போய், குரலைத் தாழ்த்திக் கொண்டு, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நியூஸிலாந்துல நீங்க மீன் சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அதுதான் அவருக்குக் கோபம்.

மகஜர் போய்விட்டது. முப்பத்தெட்டுக் கையெழுத்தில் ஒன்று குறைந்ததால் எந்த அதிகாரியும் கலங்கியிருக்க மாட்டார். என் வீட்டிலும் முழு ஆதரவு கிடையாது. கருவாட்டு நாற்றம் வருகிற நாட்களில் என் மனைவி ஜன்னலைச் சாத்திக் கொண்டே என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நியாயமான பார்வைதான்.

ஆகையால் நேயர்களிடம் பெரிய தியாகம் எதையும் நான் கேட்கவில்லை. மீன் தின்னச் சொல்லவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டுக்கும் ஒரு மகஜர் வரும். சென்னையில் வராத தெரு இல்லை. வந்தால், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் முந்நூறு அடி நடந்து போய், அங்கே இருப்பவரிடம் இன்றைக்கு என்ன காற்று என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்ட பிறகும் கையெழுத்துப் போட மனம் வந்தால் போடுங்கள். இன்று காலையில் நான் கேட்டேன். கச்சான் என்றார் பெரியவர்.